வீட்டுப் பத்திரத்தை எடுக்கும் முன்

சிறு தொழில் ஆராய்ச்சிக்கு அரசு தரும் நிதி: ஒரு பாடம்



ஈஜிபுராவில் நம்மவர் குடும்பங்கள் நிறைய உள்ளன. தகப்பனார் காலத்திலோ பாட்டனார் காலத்திலோ தர்மபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், சேலம் பக்கங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்கள். இருபதுக்கு முப்பது சைட்டில் வீடு கட்டி, கீழ்ப்பகுதியை வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். அந்தப் பிள்ளைகள் இன்று பக்கத்திலுள்ள கோரமங்களாவில் புதிய கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவர் இருவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "அப்பா, வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு மருத்துவக் கருவி செய்யப் போகிறேன், வீட்டின் பேரில் கடன் வாங்கித் தருவீர்களா?" என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வி வந்த வீடுகளில் தூக்கம் போய்விடுகிறது. "இந்த வயதில் இது என்ன விபரீதம்?" என்று ஒரு பக்கம்; "பிள்ளையின் முயற்சியைத் தடுத்த பாவம் நமக்கு வேண்டாம்" என்று மறு பக்கம். நான் இரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் சில பெற்றோர் என்னிடம் யோசனை கேட்டார்கள். அவர்களிடம் தனித்தனியே சொன்னதையெல்லாம் தொகுத்து இங்கே ஒரு பாடமாகத் தருகிறேன்.

பாடத்தின் சாரம் இதுதான். ஒரு புதிய கருவி யோசனையாகப் பிறந்து மக்கள் கைக்குப் போய்ச் சேர்வதற்கு மூன்று படிகள் உண்டு. முதல் படியில் வரக்கூடிய நஷ்டத்தை ஏற்றுக்கொள்ளவே அரசு திட்டங்கள் வைத்திருக்கிறது. அந்தப் படிக்கு வீட்டை அடமானம் வைப்பது தேவையில்லாத காரியம். ஆனால் மூன்றாம் படியில் வாங்குகிறவர் யார் என்பதற்குப் பதில் இல்லாவிட்டால், முதல் இரண்டு படிகளில் அரசு கொடுத்த பணமும் பிள்ளை கொடுத்த வருடங்களும் பயன்படாமல் போகக்கூடும். இதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

மூன்று விதமான பணம்

தொழிலுக்கு வரும் பணம் மூன்று வகைப்படும். முதல் வகை கடன். வட்டியோடு திருப்பித் தர வேண்டும். தொழில் தோற்றாலும் கடன் தோற்காது. இரண்டாம் வகை பங்கு முதலீடு. பணம் போடுகிறவர் கம்பெனியில் ஒரு பகுதிக்குச் சொந்தக்காரர் ஆகிறார். நஷ்டம் வந்தால் அவருக்கும் நஷ்டம். ஆனால் விரைவில் இலாபம் காட்ட வேண்டும் என்று நெருக்குவார். மூன்றாம் வகை நல்கை. வழக்கில் 'கிராண்ட்' என்கிறோம். இது ஒரு குறிப்பிட்ட ஆராய்ச்சிக்காகத் தரப்படுவது. சொன்ன வேலையை நேர்மையாகச் செய்து, கணக்கையும் சரியாகக் காட்டினால், ஆராய்ச்சி தோற்றாலும் திருப்பித் தர வேண்டியதில்லை.

"தோற்றவனுக்கு அரசு ஏன் பணம் தர வேண்டும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, பத்துப் புதிய யோசனைகளில் எட்டு தோற்று இரண்டு ஜெயிக்கும் என்று வைத்துக்கொள்வோம். எந்த இரண்டு என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. அரசு பத்துக்கும் பணம் தருகிறது. எட்டில் போனதை இரண்டில் வரும் பயன் ஈடு செய்கிறது. ஒரு குடும்பத்திடம் இருப்பது ஒரே வீடு, ஒரே யோசனை. பத்தில் எட்டுப் பங்கு தோற்கும் வாய்ப்பை ஒரே வீட்டின் மேல் ஏற்றுவது ஆபத்து. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தனி மனிதனுக்கும் உள்ள வித்தியாசம் எதுவோ அதுவே இங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. புதிய மருத்துவக் கருவியால் வரும் பயன் முழுவதும் அதைச் செய்தவனுக்குப் போய்ச் சேர்வதில்லை. காசநோயை ஒரு வாரம் முன்னதாகக் கண்டுபிடித்தால் பயன் நோயாளிக்கு, அவர் வீட்டாருக்கு, அவர் பயணம் செய்யும் பஸ்ஸில் இருப்பவர்களுக்கு. அந்தப் பயனுக்கெல்லாம் யாரும் பில் போட முடியாது. ஊருக்குப் பொதுவான பயன் என்பதால் ஊர்ப் பணம் அதற்குப் போவதில் நியாயம் இருக்கிறது.

இந்த முறை தொடங்கிய வரலாறு

சிறு தொழில்களின் ஆராய்ச்சிக்கு அரசு படிப்படியாகப் பணம் தரும் முறை அமெரிக்காவில் 1977-ல் தொடங்கியது. அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் அதிகாரியாக இருந்த ரோலண்ட் டிபெட்ஸ் என்பவர் இதை வகுத்தார். 1982-ல் இது சட்டமாயிற்று. வெளியாருக்கு ஆராய்ச்சிப் பணம் கொடுக்கும் பெரிய அரசுத் துறைகள் அதில் ஒரு சிறு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கே ஒதுக்க வேண்டும் என்பது விதி. தொடக்கத்தில் நூற்றுக்கு கால் பங்கும் இல்லை, 0.2 சதவீதம்தான். 2017-க்குள் அது 3.2 சதவீதமாக உயர்ந்தது.

டிபெட்ஸ் வகுத்த ஏற்பாடு மிக எளிமையானது. முதல் கட்டத்தில் சில மாதங்களுக்குச் சிறு தொகை: யோசனை நடக்குமா நடக்காதா என்று மட்டும் பார்க்க. அதில் தேறியவர்களுக்கு இரண்டாம் கட்டத்தில் சுமார் இரண்டு ஆண்டுகளுக்குப் பெரிய தொகை: உருப்படியான மாதிரியைச் செய்து முடிக்க. மூன்றாம் கட்டத்துக்கு இத்திட்டத்தில் பணமே கிடையாது. தனியார் முதலீடோ, அரசுத் துறையின் கொள்முதலோ வர வேண்டும். இன்று கைபேசிகளுக்குச் சிப் செய்யும் குவால்காம் நிறுவனம், சிறியதாக இருந்த நாட்களில் இத்திட்டத்தில் உதவி பெற்றதுதான்.

நம் நாட்டில்

நம் நாட்டில் இதற்கு வேறு வழியில் விதை போடப்பட்டது. வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தை வாங்குவோர் செலுத்தும் தொகை மீது 1986-ல் ஒரு தீர்வை விதிக்கப்பட்டது. அந்தப் பணத்தை உள்நாட்டுத் தொழில்நுட்பத்துக்குப் பயன்படுத்த 1995-ல் சட்டம் வந்து, 1996-ல் தொழில்நுட்ப வளர்ச்சி வாரியம் அமைந்தது. அந்தத் தீர்வை 2017-ல் நீக்கப்பட்டது; வாரியம் தொடர்ந்தது.

இவ்வாரியம் தொடக்க காலத்தில் உதவிய நிறுவனங்களில் ஒன்று ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ். இதை 1993-ல் தொடங்கிய வரப்பிரசாத் ரெட்டி மருத்துவர் அல்லர், மின்னணுப் பொறியாளர். அப்போது மஞ்சள் காமாலை 'பி' வகைக்கான தடுப்பூசி வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. நடுத்தரக் குடும்பமே யோசிக்கும் விலை. உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும், பின்னர் ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்திலும் ஆய்வக இடம் பெற்று, 1997 ஆகஸ்டில் அந்நிறுவனம் தன் தடுப்பூசியை வெளியிட்டது. ஓமான் நாட்டிலிருந்து முதலீடும் வாரியத்திலிருந்து கடனும் உதவின. விலை வெகுவாக இறங்கியது. ஆனால் அந்நோய்க்கான தடுப்பூசி நாடு முழுவதும் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர 2011 ஆயிற்று. இந்தப் பதினான்கு வருட இடைவெளியை நினைவில் வையுங்கள். பின்னால் இதற்குத் திரும்ப வருவோம்.

2005-ல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, அமெரிக்க முறையைப் போன்றே சிறு தொழில்களுக்கான ஆராய்ச்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. எஸ்.பி.ஐ.ஆர்.ஐ. என்பது அதன் சுருக்கப் பெயர். முதல் கட்டத்தில் பெரும்பாலும் நல்கை, இரண்டாம் கட்டத்தில் பெரும்பாலும் குறைந்த வட்டிக் கடன் என்று அமைத்தார்கள். 2012 மார்ச்சில் இத்தகைய திட்டங்களை நடத்தவே 'பைராக்' என்ற அரசு நிறுவனம் உருவாயிற்று. அதன் 'பிக்' என்னும் நல்கைதான் நம் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. யோசனை நடக்கும் என்று நிரூபிக்க 18 மாதங்களுக்கு 50 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அதற்கு ஈடாகக் கம்பெனியில் பங்கு கேட்பதில்லை.

இந்த நல்கையை அரசு நேரடியாகக் கையாளாமல் நாட்டின் பல இடங்களில் உள்ள கூட்டு நிறுவனங்கள் மூலம் நடத்துகிறது. பெங்களூரில் அப்படி ஒன்று, பல்லாரி சாலையில் விவசாயப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும் சி-கேம்ப். 2009-ல் தொடங்கியது. ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம்தான். ஆனால் அப்படி ஓர் இடம் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

படிகளை இரயில் பாதையில் பார்ப்போம்

இந்த மூன்று படிகளைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த இரயில் பாதையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். நான் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டுப் பாதை பராமரிப்பில் சேர்ந்தவன். குளிர்கால இரவில் தண்டவாளம் சுருங்கும். எங்காவது பழைய கீறல் இருந்தால், அந்த இடத்தில் தண்டவாளம் விரிசல் விட்டு உடைந்துபோகலாம். அதனால்தான் பனிக்காலத்தில் இரவு ரோந்து வைப்பார்கள். கையில் விளக்கும் முதுகுப்பையில் எச்சரிக்கை வெடியுமாக ஒரு மனிதர் கிலோமீட்டர் கணக்கில் இருட்டில் நடப்பார். உடைந்த தண்டவாளத்தைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் கருவி வந்தால், அந்த மனிதரின் நடையும் குறையும், வண்டியில் தூங்குகிற ஆயிரம் பேருக்கும் பாதுகாப்பு.

ஓர் இளைஞர் அப்படி ஒரு கருவி யோசித்தார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: மேசை மேல் ஒரு தண்டவாளத் துண்டை வைத்து, கீறல் உள்ள துண்டையும் கீறல் இல்லாத துண்டையும் கருவி பிரித்தறிகிறதா என்று பார்ப்பது. இதற்குச் சில மாதங்களும் சில இலட்சங்களும் போதும். இங்கேதான் பெரும்பாலான யோசனைகள் தோற்கும். இங்கே தோற்பதுதான் நல்லதும்கூட, செலவு குறைவு.

இரண்டாம் படி: மழை, வெயில், தூசி, அதிர்வு, எலி கடிக்கும் வயர் என்று எல்லாம் உள்ள உண்மையான பாதையில் வைத்துப் பார்ப்பது. மேசை மேல் நூற்றுக்கு நூறு வாங்கிய கருவி இங்கே திணறும். ஒவ்வொரு சரக்கு வண்டிக்கும் பொய்யாக மணி அடித்தால், மூன்றாம் நாள் ஸ்டேஷன் மாஸ்டர் அதை அணைத்து வைத்துவிடுவார்.

மூன்றாம் படி: இரயில்வே அதை வாங்கி நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் போடுவது. இலக்னோவில் 1957-ல் அமைந்த ஆராய்ச்சி வடிவமைப்பு நிலையமான ஆர்.டி.எஸ்.ஓ. ஒப்புதல், தர நிர்ணயம், டெண்டர், உதிரி பாகம், பழுது பார்க்க ஆள் என்று எல்லாம் வரிசையாக வர வேண்டும்.

மருத்துவக் கருவிக்கும் இதே கதைதான். முதல் படி ஆய்வகம். இரண்டாம் படி ஆஸ்பத்திரி. அங்கே நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் சம்மதமும் இல்லாமல் யார் உடம்பின் மீதும் கருவியை வைக்கக் கூடாது. மூன்றாம் படி உரிமமும் கொள்முதலும். 2017-ன் மருத்துவக் கருவிகள் விதிகள் 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. ஆபத்தின் அளவைப் பொறுத்து கருவிகளை ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். தயாரிப்பு உரிமத்தை முதல் இரண்டு வகுப்புக்கு மாநிலமும், அடுத்த இரண்டுக்கு மத்திய அரசும் தருகின்றன. நம் பிள்ளை செய்யும் கருவி எந்த வகுப்பு என்று முதல் நாளே தெரிந்துகொண்டால் செலவையும் காலத்தையும் ஓரளவு கணக்கிட்டுவிடலாம்.

பெங்களூரிலிருந்து இரண்டு உதாரணங்கள்

ஒன்று: காசநோய்ச் சோதனை. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் நம் நாட்டவர். சளியைக் கண்ணாடித் துண்டில் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பது பழைய முறை. மலிவானது, ஆனால் கிருமி குறைவாக இருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். கிருமியின் மரபுப்பொருளைப் பல மடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். முறை துல்லியமானது. ஆனால் அதற்குப் பெரிய ஆய்வகமும், குளிர்சாதன அறையும், தடையில்லாத மின்சாரமும் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவை எங்கே இருக்கின்றன?

பெங்களூரின் பிக்டெக் என்ற சிறு நிறுவனம் 2000-ல் தொடங்கி, இந்தச் சோதனையைச் சிறிய சிப்புக்குள் அடக்கும் வேலையில் இறங்கியது. சந்திரசேகர் நாயர் இதை முன்னின்று நடத்தினார். மத்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவான சி.எஸ்.ஐ.ஆர். அதே காலத்தில் தொடங்கிய புத்தாயிரத் தொழில்நுட்பத் திட்டம் உதவியது. பிறகு கோவாவில் மோல்பயோ என்ற கூட்டு நிறுவனம் வழியாகத் தயாரிப்பு நடந்தது. கருவியின் பெயர் 'ட்ரூநாட்'. பாட்டரியில் ஓடும், ஏ.சி. அறை வேண்டாம்; சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சோதித்துப் பார்த்து, தேசியக் காசநோய்த் திட்டத்தில் சேர்ந்தது. 2020-ல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றது. அதே ஆண்டு கொரோனா வந்தபோது, பெரிய ஆய்வகம் இல்லாத மாவட்டங்களில் இதே கருவி கொரோனா சோதனைக்கும் கைகொடுத்தது.

ஆண்டுகளைக் கவனியுங்கள்: 2000 முதல் 2020 வரை. ஒரு குழந்தை பிறந்து கல்லூரிக்குப் போகும் காலம். எந்த வீட்டுக் கடனும் வட்டியோடு இருபது வருடம் பொறுத்திருக்காது.

இரண்டு: பச்சிளங்குழந்தையின் மூச்சு. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் நுரையீரலில் உள்ள சிறு காற்றறைகள் மூச்சு விடும்போது ஒட்டிக்கொள்ளும். மெல்லிய அழுத்தத்தில் விடாமல் காற்றுக் கொடுத்தால் அவை திறந்தே இருக்கும், குழந்தை பிழைக்கும். இதற்கான சி-பேப் கருவி பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு. ஆனால் சிற்றூரில் பிறந்த குழந்தையை நகரத்துக்குக் கொண்டு போகும் வழியில் என்ன செய்வது? பெங்களூரின் கோயோ லாப்ஸ் நிறுவனம் 'சான்ஸ்' என்று ஒரு கருவி செய்தது. இந்தியில் 'மூச்சு' என்று பொருள். மின்சாரத்திலும் பாட்டரியிலும் ஓடும். இரண்டும் இல்லாவிட்டால் கையால் அழுத்தியும் ஓட்டலாம். பைராக்கின் ஆதரவு பெற்ற கருவிகளில் இதுவும் ஒன்று. இதற்காக அந்நிறுவனத்தைச் சேர்ந்த நிதேஷ் குமார் ஜாங்கிர் 2020-ல் காமன்வெல்த் பொதுச் செயலாளரின் புத்தாக்க விருதைப் பெற்றார்.

இரண்டிலும் ஒரு பொதுவான அம்சம் உண்டு. பெரிய கம்பெனிகளின் கருவிகள், மின்சாரம் போகாது என்று நம்பிச் செய்யப்பட்டவை. இவர்களோ மின்சாரம் போகும் என்று தெரிந்து செய்தார்கள். நம் ஊர் நிலைமையை அறிந்தவருக்கு இது ஒரு பலம். தாலுகா ஆஸ்பத்திரியில் அம்மாவோடு காத்திருந்த பிள்ளைக்கு, அங்கே எது இல்லை என்பது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாம் படியில்தான் சிக்கல்

எங்கள் ஈஜிபுரா மேம்பாலத்தைப் பாருங்கள். 2017-ல் வேலை தொடங்கியது. 2022-ல் ஒப்பந்தம் ரத்தாகி, 2023-ல் மறுபடியும் தொடங்கியது. இடையில் தூண்கள் மட்டும் நின்றன. பாலத்துக்கு முக்கால்வாசிச் செலவானாலும், கடைசிப் பகுதி இல்லாமல் ஒரு சைக்கிள்கூட மேலே போக முடியாது. ஆராய்ச்சிப் பணமும் அப்படித்தான். முதல் இரண்டு படிகளுக்குத் திட்டங்கள் பெருகிவிட்டன. கருவி தயாரான பின் அதை வாங்க ஆள் இல்லையென்றால் தூண்தான் மிச்சம்.

இதற்கும் பெங்களூரிலேயே உதாரணம் உண்டு. ஏழைகளும் பயன்படுத்தக் கூடிய கையடக்கக் கணினி ஒன்றை இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் என்கோர் என்ற நிறுவனமும் சேர்ந்து வடிவமைத்தார்கள். பெயர் சிம்ப்யூட்டர். 1998-ல் யோசனை பிறந்தது. எழுத்துத் தெரியாதவருக்குத் தமிழ், கன்னடம், இந்தியில் படித்துக் காட்டும் வசதியையும் அதற்குச் செய்தார்கள். 2004-ல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்து விற்பனைக்கு வந்தது. அன்றைய நிலையில் நல்ல கருவி. ஆனால் பெருமளவில் வாங்க அரசுத் துறைகள் முன்வரவில்லை. சில ஆயிரங்களோடு விற்பனை நின்றது. எண்ணிக்கை குறைந்தால் விலை இறங்காது. விலை இறங்காவிட்டால் எண்ணிக்கை ஏறாது. அதற்குள் கைபேசி வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது.

சாந்தா தடுப்பூசியின் பதினான்கு வருட இடைவெளி இப்போது புரிந்திருக்கும். அவர்களுக்குத் தனியார் சந்தையும் வெளிநாட்டு விற்பனையும் இருந்ததால் தாக்குப் பிடித்தார்கள். ஏழை நோயாளிக்கான கருவி செய்கிறவருக்கு அரசு ஒன்றுதான் பெரிய வாடிக்கையாளர். ஆகவே அரசு பணம் தருபவராக மட்டும் இருந்தால் போதாது, முதல் வாடிக்கையாளராகவும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நல்ல அறிகுறிகளும் உண்டு. 2022 ஜூனில் இரயில்வே ஒரு புத்தாக்கக் கொள்கையை அறிவித்தது. இளம் நிறுவனங்களுக்கு 1.5 கோடி ரூபாய் வரை நல்கை. செலவில் இரயில்வே பாதி, நிறுவனம் பாதி. பணம் வேலையின் மைல்கற்களுக்கு ஏற்பத் தவணையில். கண்டுபிடிப்பின் உரிமை செய்தவருக்கே. எனக்கு மகிழ்ச்சி தந்தது என்னவென்றால், களத்தில் வேலை செய்யும் பிரிவுகளிடமே "உங்கள் தொல்லை என்ன?" என்று கேட்டுப் பட்டியல் போட்டதுதான். நான் மேலே சொன்ன உடைந்த தண்டவாளத்தைக் கண்டறியும் கருவி அதில் இடம்பெற்றது. வெயிலில் தண்டவாளத்தில் ஏறும் இறுக்கத்தை அளக்கும் கருவியும் உண்டு. கேட்பவரே வாங்குபவராகவும் இருப்பதால், மூன்றாம் படிக்கான வழி முதல் நாளே ஓரளவு தெரிகிறது.

டெண்டர் விதிகளிலும் ஒரு திறப்பு உள்ளது. 2017-ன் பொது நிதி விதிகளின்படி, இளம் நிறுவனங்களுக்கு முன் அனுபவமும் ஆண்டு விற்பனையும் வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தலாம். தரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் 'தளர்த்தலாம்' என்பதற்கும் 'தளர்த்த வேண்டும்' என்பதற்கும் எவ்வளவு தூரம் என்பது அரசு வேலை பார்த்த எவருக்கும் தெரியும். கையெழுத்துப் போடும் அதிகாரியின் மனநிலையில் யோசியுங்கள். பழைய கம்பெனியிடம் வாங்கிப் பழுதானால் கம்பெனி மீது குற்றம். புதிய பையனிடம் வாங்கிப் பழுதானால் அதிகாரி மீது குற்றம். இந்தப் பயத்தை நீக்கும் வழி, முதலில் சிறு எண்ணிக்கையில் சோதனைக் கொள்முதல் செய்வதுதான். இரயில்வேயில் நாங்கள் அதை 'டெவலப்மெண்ட் ஆர்டர்' என்போம். சுகாதாரத் துறைகளிலும் அந்தப் பழக்கம் பரவலாக வர வேண்டும்.

விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு

1. கருவியிலிருந்து தொடங்காதீர்கள், தொல்லையிலிருந்து தொடங்குங்கள். ஒரு நர்சம்மாவின் பக்கத்தில் ஒரு வாரம் நின்று பார்த்தவரின் விண்ணப்பம் தனியாகத் தெரியும்.

2. தொகைக்கு ஏற்ற திட்டத்தைப் பாருங்கள். முதல் மாதிரிக்குச் சில இலட்சம் போதுமென்றால் 50 இலட்சத்துக்குப் போக வேண்டியதில்லை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2016-ல் தொடங்கிய 'பிரயாஸ்' திட்டம் மாதிரி செய்ய 10 இலட்சம் வரை தருவது. கர்நாடக அரசின் 'எலிவேட்', தமிழக அரசின் 'டான்சீட்' ஆகியவையும் உண்டு. தொகையும் கடைசித் தேதியும் அவ்வப்போது மாறும்; விண்ணப்பிக்கும் வருடத்தின் அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள்.

3. பணம் ஒரே தவணையில் வராது. வேலையின் ஒவ்வொரு கட்டமும் முடிந்த பின் வரும். சில சமயம் தாமதமாக வரும். ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இல்லாமல் வேலையை விடாதீர்கள்.

4. நல்கைப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. தோற்பது குற்றமில்லை, கணக்குக் காட்டாதது குற்றம். இது ஊராரின் வரிப் பணம்.

5. தோற்றால் ஏன் தோற்றது என்று எழுதி வையுங்கள். அடுத்து வருபவர் அதே குழியில் விழாமல் இருப்பதும் ஆராய்ச்சியின் பயன்தான்.

பெற்றோர் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

பிள்ளை பணம் கேட்கும்போது கோபப்படவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவும் வேண்டாம். சாப்பிட்டு முடித்த பின் அமைதியாக உட்கார்ந்து இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று: "நீ இப்போது எந்தப் படியில் நிற்கிறாய்?" முதல் படி என்றால், "நல்கைக்கு விண்ணப்பித்தாயா?" என்பதே அடுத்த கேள்வி. விண்ணப்பிக்காமல் வீட்டைக் கேட்டால், பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

இரண்டு: "உன் யோசனையை உனக்கு உறவில்லாத ஒரு டாக்டரோ பொறியாளரோ பார்த்து என்ன சொன்னார்?" நல்கைக்குத் தேர்வு செய்யும் குழு துருவித் துருவிக் கேட்கும். அது ஒரு நன்மை. நாம் பாசத்தால் கேட்காமல் விடுவதை அவர்கள் கேட்பார்கள். ஒருமுறை நிராகரித்தால் காரணத்தைத் தெரிந்துகொண்டு, திருத்தி, மறுபடியும் விண்ணப்பிக்கலாம்.

மூன்று: "இதை வாங்கப் போவது யார்? அவரைப் பார்த்தாயா?" நோயாளிக்குத் தேவை என்பது வேறு, ஆஸ்பத்திரி பணம் கொடுத்து வாங்கும் என்பது வேறு.

நான்கு: "எத்தனை மாதம் பார்ப்பாய்? எதைக் கண்டால் நிறுத்துவாய்?" இதைத் தொடங்குமுன்பே காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். அலைச்சலில் இருக்கும்போது மனம் நிறுத்தச் சம்மதிக்காது.

ஐந்து: இது நம்மை நாமே கேட்க வேண்டியது. "இந்தப் பிள்ளைக்குப் பணம் தவிர வேறு என்ன தர முடியும்?" ஒரு வருடம் சம்பளம் கேட்காமல் சோறு போடலாம். கீழ்ப்பகுதி அறை ஒன்றை வாடகை இல்லாமல் பட்டறைக்குத் தரலாம். உறவினர் கூட்டத்தில் "வேலையை விட்டுவிட்டானாமே" என்று யாராவது இழுத்தால் விட்டுக்கொடுக்காமல் பேசலாம். இவற்றுக்கெல்லாம் அடமானம் தேவையில்லை.

நம் பெற்றோர் இந்த ஊருக்கு வந்தபோது அவர்களுக்கு எந்தத் திட்டமும் இல்லை; கைத்தொழிலையும் உடல் உழைப்பையும் நம்பி வந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு முதல் படி ஏற ஊர்ப் பணம் காத்திருக்கிறது. அதைக் கேட்பது யாசகம் ஆகாது. நாமும் வரி கட்டியவர்கள்தான். ஆகவே அந்தக் கதவை முதலில் தட்டச் சொல்லுங்கள். வங்கியின் கதவு எங்கும் ஓடிப்போகாது.

இதைப் படித்த உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் யாராவது விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தால், சங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசலாம். அனுப்புவதற்கு முன் ஒருவர் விண்ணப்பத்தை மற்றவர் படித்துக் குறை சொல்வதே பெரிய உதவி. இரயில்வேயில் நான் எழுதிய மதிப்பீடுகளுக்கு மேலதிகாரிகள் சிவப்பு மையில் போட்ட கேள்விகள் ஏராளம். அந்தச் சிவப்பு மை என்னிடமும் மிச்சம் இருக்கிறது. தாராளமாகக் கொண்டு வாருங்கள்.

— ஓய்வு பெற்ற இரயில்வே பொறியாளர், ஈஜிபுரா, பெங்களூர்